விழுகிறவரைப் பிடிக்கக் கூடாது

நான் ஃபெயிலானது ஒருவனைக் கீழே விழாமல் பிடித்ததற்காக.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டு, "நிஜமா என்ன பண்ணே?" என்று கேட்கிறார்கள். நிஜமாகப் பண்ணியதே அதுதான்.

எங்கள் கல்லூரியில் செய்முறை அறை என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஜோடித்து வைத்திருப்பார்கள். நான்கு கட்டில்கள், சக்கரம் வைத்த மேஜை, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் பச்சைத் திரை, முழங்கையால் திறக்கிற குழாய். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். வாயைத் திறந்தபடி, கூரையைப் பார்த்தபடி, எது கேட்டாலும் பதில் சொல்லாமல். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியப்பா. பெரியப்பாவுக்கு முகம் துடைப்போம், பல் தேய்ப்போம், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவோம். எவ்வளவு செய்தாலும் முகத்தில் ஒரு திருப்தி இருக்காது. அதனால்தான் அந்தப் பெயர்.

நர்ஸிங்கில் சேர்வதற்கு முன்னால் படிக்கிற ஒரு வருடப் படிப்பு இது. என்னிடம் ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறது. வணிகவியல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான் என்று அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். சுவரில் இருந்த விரிசலை மறைத்ததைத் தவிர அந்தப் பட்டம் இதுவரை ஒரு வேலையும் செய்யவில்லை. எனக்கும் ஒரு வேலை வாங்கித் தரவில்லை. சரி, கைக்குத் தெரிந்த வேலையையே படிப்போம் என்று இங்கே வந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து அவரைக் கழுவி, துடைத்து, தூக்கி உட்காரவைத்து வளர்ந்த கை இது. மற்றவர்கள் பெரியப்பாவைத் தொடவே யோசித்துக்கொண்டிருந்த முதல் வாரத்தில், நான் படுக்கை விரிப்பை ஆள் படுத்திருக்கும்போதே மாற்றிக் காட்டினேன். இந்த வகுப்பில் முதலாவதாக வரப்போவது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

செய்முறைக்கு வருகிற ஆசிரியையை பிரேக் மேடம் என்போம். கட்டிலருகே யார் போய் நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பிரேக் போட்டாச்சா?" கட்டில் சக்கரத்துக்கு, நாற்காலிச் சக்கரத்துக்கு, மேஜைச் சக்கரத்துக்கு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொல்லப் போன ஒரு சீனியரிடமும் பழக்கதோஷத்தில் அதையே கேட்டார் என்று ஒரு கதை உண்டு.

பரீட்சை இதுதான்: படுத்திருக்கும் நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடத்திக்கொண்டு போய் நாற்காலியில் அமர்த்த வேண்டும். பெரியப்பாவுக்கு நடக்க வராது என்பதால் எங்களில் ஒருவர்தான் நோயாளி. எனக்கு வாய்த்தவன் ஒட்டகம். கழுத்தும் காலும் நீளம். நடக்கும்போது தலை முதலில் போய்ச் சேரும், உடம்பு அப்புறம் வரும். நோயாளியாக நடிப்பவரிடம் மேடம் முன்கூட்டியே காதில் ஏதோ சொல்லிவைப்பார். சிலர் ஒழுங்காக நடந்து போய் உட்காருவார்கள். சிலர் நடுவழியில் மயங்கி விழுவார்கள்.

விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. பிடிக்கக் கூடாது. தாங்கி நிறுத்தப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். அவருக்கு இடுப்பெலும்பு போகும், உங்களுக்கு முதுகு போகும். அதனால் அவருக்குப் பின்பக்கமாக வந்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, முன்காலை மடக்கி, அவரை உங்கள் தொடை வழியாகத் தரைக்கு வழுக்கவிட வேண்டும். தலையில் மட்டும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வில் இதைப் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஒட்டகத்தை எழுப்பினேன். பிரேக் போட்டிருந்தேன். கை கழுவியிருந்தேன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். பாதி தூரம் நடந்ததும் அவன் கண்ணை மேலே செருகிக்கொண்டு வெட்டிய மரம் மாதிரிச் சாய்ந்தான்.

அடுத்து நான் செய்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அவன் என் நெஞ்சின் மேல் இருந்தான். என் இரண்டு கைகளும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பூட்டியிருந்தன. அவனுடைய தாடை என் தோளில். ஆள் ஓர் அங்குலம் கீழே போகவில்லை. பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

பிரேக் மேடம் பேனாவை மூடினார்.

"ஃபெயில்."

"மேடம், அவன் விழவே இல்லையே."

"அதனாலதான் ஃபெயில்."

ஒட்டகம் இன்னும் மயக்கத்தில்தான் இருந்தான். "நான் எந்திரிக்கலாமா?" என்று என் தோளுக்குள் கேட்டான்.

எனக்கு முன்னால் செய்தவள் ஃபார்மசி. மருந்துக் கடைக்காரர் மகள். கையுறை இல்லாமல் பெரியப்பாவைக்கூடத் தொடமாட்டாள். அவளுடைய நோயாளியும் விழுந்தாள். இவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடை தாண்டுகிறவள் மாதிரி ஓர் அடி பின்னால் போனாள். கால் தானாக மடங்கியது. நோயாளி அதில் உரசிக்கொண்டு தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். பாஸ்.

"மேடம், அவ பயந்துபோய்ப் பின்னாடி போனா. நான் பிடிச்சேன். அவ பாஸ், நான் ஃபெயிலா?"

"அவ ஏன் பின்னாடி போனான்னு நான் பாக்கலம்மா. போனாளான்னுதான் பாத்தேன்."

"எங்கப்பாவை அஞ்சு வருஷமா இப்படித்தான் பிடிக்கிறேன். ஒரு நாள் விழவிட்டதில்லை."

"இன்னும் விழலைன்னு சொல்லு." அவர் அடுத்த ஆளின் தாளை எடுத்தார். "வர்ற வெள்ளிக்கிழமை ஒரு வாய்ப்பு இருக்கு. அதுலயும் பிடிச்சேன்னா உன்னை வார்டுக்கு அனுப்ப முடியாது. போய்ப் பழகிட்டு வா."

வார்டுக்கு அனுப்பவில்லை என்றால் படிப்பு முடியாது. படிப்பு முடியவில்லை என்றால் நர்ஸிங் இடம் கிடையாது. அப்புறம் நானும் என் வணிகவியலும் சேர்ந்து விரிசலை மறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போய்ப் பழகிட்டு வா. எதைப் பழகுவது? விடுவதையா?

*

அம்மா லாண்ட்ரிக் கடையில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே. முழங்கால் இரண்டும் வீங்கிப் போய் வருவாள். ஆனால் தோளும் கையும் பயில்வான் மாதிரி. அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"பிடிச்சதுக்கு ஃபெயிலா?"

"ஆமா."

"விழவிட்டிருந்தா பாஸா?"

"விழவிடறது இல்லம்மா. கீழ இறக்கறது."

"எல்லாம் ஒண்ணுதான். அந்தக் காலேஜை யாருடி நடத்தறது, எமனா?"

உள்ளேயிருந்து அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரத்தில் ஒற்றைக் காலை மாட்டிக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி அடிக்கிற ஆள். பெரிய உடம்பு. இப்போது அவரிடம் மிச்சம் இருக்கிற சொற்கள் 'வா', 'போ', 'சரி'. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. மற்றதெல்லாம் குழறும், அந்த ஒன்று மட்டும் மணி மாதிரி தெளிவாக வரும். மூளையில் அதற்குத் தனி அறை இருக்கிறது என்று பாடத்தில் படித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அது எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும்" என்றாள்.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்னறையில் அப்பாவின் கட்டில். அதற்குப் பின்னால் சமையலறை. சமையலறைக்குப் பின்னால் குளியலறை. சக்கர நாற்காலி சமையலறை வரைக்கும் வரும். குளியலறைக் கதவு குறுகல். போதாததற்கு வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு திண்டு. அங்கே நாற்காலி நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே இருக்கிற கக்கூஸ் கோப்பைக்கு அவரைக் கொண்டுபோவது நான். அவர் இடது கையை என் கழுத்தில் போடுவார். நான் அவரை மார்போடு கட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கோத்து, பின்பக்கமாக நடப்பேன். திண்டைத் தாண்டும்போது ஒரு எக்கு. அப்பாவும் மகளும் டான்ஸ் ஆடுகிறார்கள் என்பாள் அம்மா. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பாடத்தில் இந்த முறைக்குக் குறுக்கே பெரிய சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கழுத்தில் கை போடவிடக் கூடாது. கட்டிப்பிடித்துத் தூக்கக் கூடாது. நோயாளிக்கு எதிரே பின்பக்கமாக நடக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்தபிறகு ஒட்டகத்தைக் கெஞ்சிப் பிடித்து நிறுத்தினேன். செய்முறை அறையின் ஓரத்தில் மெத்தை விரித்து, அவன் விழ, நான் விடப் பழகினோம். விழுவான். பிடிப்பேன். மறுபடி விழுவான். மறுபடி பிடிப்பேன். ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டு தானாக அவிழ்ந்து போய்ப் பிடித்தது.

"இதப் பாரு," என்றான் ஒட்டகம், என் பிடிக்குள் இருந்தபடியே. "கதவு வேற திறந்திருக்கு. பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"வாய மூடிட்டு விழு."

"எங்கம்மாகூட என்னை இவ்வளவு தடவை கட்டிப்பிடிச்சதில்ல."

"உன் நாத்தத்துக்கு அதுவே ஜாஸ்தி. விழு."

விழுந்தான். பிடித்தேன். அவன் என் கையை விலக்கிவிட்டு மெத்தையில் உட்கார்ந்தான். கிண்டலை விட்டுவிட்டுச் சொன்னான். "நீ காலைல உங்கப்பாவைப் பிடிச்சிட்டு இங்க வர்ற. இங்கேருந்து போய்ச் சாயங்காலம் பிடிக்கப் போற. நடுவுல ஒரு மணி நேரம் பிடிக்காதேன்னா கை எப்படிக் கேக்கும்?"

அவன் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது. எனக்கு எது பலமென்று நினைத்து இந்தப் படிப்புக்கு வந்தேனோ, அதுவே என் காலை வாரிவிட்டிருந்தது. எதுவும் தெரியாதவளுக்கு மறக்க எதுவும் இல்லை. ஃபார்மசி பாஸ்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் அப்பாவைக் கட்டித் தூக்க மாட்டேன்."

"அப்ப யாரு தூக்கறது? உங்க பிரேக் மேடம் வருவாங்களா?"

"கட்டில்லயே வச்சுப் பாத்துக்கலாம். பெட்பேன் பாத்திரம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

அந்த பிளாஸ்டிக் பாத்திரத்தை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல கையால் ஒரு தட்டு. பாத்திரம் கட்டிலுக்கடியில் உருண்டு போனது. "போ," என்றார்.

"சும்மா கொஞ்ச நாளைக்குப்பா."

அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார்.

அம்மா வந்து என்னைத் தள்ளிவிட்டு, தானே அவரைக் கட்டித் தூக்கினாள். திண்டருகே அவள் மூச்சு வாங்குவது முன்னறைவரை கேட்டது. நான் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதில் ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடையில் நாள் பூராவும் நின்ற கால். அந்தக் காலோடு அவள் தூக்குகிறாள். நான் நர்ஸ் ஆவதற்காகச் சும்மா இருக்கிறேன். இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

"படிக்கிற பொண்ணு நோயாளியத் தொடக் கூடாதாம்," என்று குளியலறையிலிருந்தே அப்பாவிடம் சொன்னாள் அம்மா, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. "தொட்டா படிப்பு கரைஞ்சுடுமாம்."

*

விழுந்தது வியாழக்கிழமை காலை.

நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகக் குளியலறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். திண்டில் எக்கியபோது அவள் முழங்கால் மடங்கியது. "ஐயோ" என்றாள். கத்தவில்லை, யாரிடமோ ரகசியம் சொல்கிற மாதிரி. அவள் கழுத்திலிருந்து அப்பாவின் கை நழுவியது. அவர் பின்னால், சமையலறைப் பக்கம், என் பக்கம், சாயத் தொடங்கினார். அவள் ஒரு கையால் கதவு நிலையையும் மறுகையால் அவருடைய சட்டையையும் பிடித்துக்கொண்டாள்.

நான் அவருக்குப் பின்னால் போய்விட்டேன். என் கைகள் அவர் அக்குளுக்குள் நுழைந்துவிட்டன. எல்லாம் வழக்கம் போல. இறுக்கிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

பூட்டவில்லை. ஒரு காலைப் பின்னால் வைத்தேன். மற்றதை மடக்கினேன்.

"அம்மா, சட்டையை விடு."

"விட மாட்டேன்."

"விடும்மா. நீயும் விழுவ."

"விழறாருடி, பிடி."

"நான் பிடிக்கப் போறதில்ல. விடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதிக்காட்ட முடியாது. விட்டாளா, பொத்தான்கள் தெறித்ததால் துணி கையைவிட்டுப் போனதா தெரியாது. அப்பா என் தொடையில் சரிந்தார். அவ்வளவு கனமும் என் மேல் நிற்கவில்லை. என்னைக் கடந்து போனது. மெல்லத்தான் போனார். தரையில் உட்கார்ந்த மாதிரிப் போய், பிறகு சாய்ந்தார். தலையை என் கையில் வாங்கிக்கொண்டேன். படத்தில் போட்டிருப்பதற்கு ஒரு மயிரிழை மாறவில்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அம்மா அங்கேயே திண்டின் மேல் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். "பிடிக்காம விட்டுட்டியேடி. கைக்குள்ள இருந்தவரை விட்டுட்டியே."

"அவருக்கு ஒண்ணும் ஆகலம்மா. அப்பா, எங்கயாவது வலிக்குதா? இடுப்பு? தலை? என்னைப் பாரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியப்பா மாதிரி.

அப்போதுதான் அம்மா அதைக் கேட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில். "நாளைக்குப் பரீட்சை. அதுக்காகப் பழகிப் பாத்தியா? உங்கப்பனை வச்சு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்று பேரும் சேர்ந்து விழுந்திருப்போம், அம்மாவின் முழங்கால் போயிருக்கும், அவர் மண்டை திண்டில் பட்டிருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் காலைப் பின்னால் வைத்த அந்த நொடியில் நான் இதையெல்லாமா யோசித்தேன்? மேடத்தின் மூடிய பேனா என் கண்ணுக்குள் வரவே இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா? அடுப்பை அணைத்தேன்.

சத்தம் கேட்டு மாடி வீட்டு பஸ் டிரைவர் அண்ணன் ஓடி வந்தார். வந்ததும் சட்டைக் கையை மடித்தார். "தள்ளும்மா. கால் பக்கம் நீ புடி, நான் தலைப் பக்கம். ஒரே தூக்கு."

"தூக்கக் கூடாதுண்ணே."

"ஏன்?"

"அவரே எந்திரிப்பார்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். "என்னக்கா சொல்லுது இது?"

"காலேஜுல படிக்குது," என்றாள் அம்மா. அவள் என்னைத் திட்டியதிலேயே பெரிய திட்டு அதுதான்.

நான் இரண்டு நாற்காலிகளை எடுத்து வந்தேன். ஒன்றை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். இன்னொன்றைப் பக்கத்தில். "இடது பக்கம் புரளுப்பா. முழங்கையை ஊணு. ம். இப்ப உக்காரு." அண்ணனின் கைகள் இரண்டு தடவை நீண்டன, இரண்டு தடவையும் நான் தட்டிவிட்டேன். "தொடாதீங்க" என்று நான் போட்ட அதட்டலில் அவர் சுவரோரம் போய் நின்றார், பிரம்படி வாங்கிய பையன் மாதிரி.

அப்பா நல்ல கையால் நாற்காலியைப் பிடித்தார். விழுந்துபோன வலது முழங்காலைத் தரையில் வைக்க நான் பக்கத்தில் இருந்து வழிகாட்டினேன். இடது காலை ஊன்ற வேண்டும். ஊன்றினார். வழுக்கியது. மறுபடி ஊன்றினார். அவர் பேன்ட் நனைந்திருந்தது. போக வேண்டிய இடத்துக்குத்தானே போய்க்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்ததை அப்பா பார்த்தார்.

எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, நடுங்கி, இடது காலை உதைத்து எழுந்தார். நான் இரண்டாவது நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். உட்கார்ந்தார். ஐந்து வருடத்தில் யாரும் தூக்காமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. கைதட்ட வேண்டிய இடம். யாரும் தட்டவில்லை. அண்ணன் "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு கீறல்கூட இல்லை என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருப்பதே நான்கு வார்த்தை. அதில் ஒன்றுகூட எனக்கு இல்லை.

*

வெள்ளிக்கிழமை, கை கழுவினேன். அறிமுகம் செய்துகொண்டேன். பிரேக் போட்டேன். ஒட்டகத்தை எழுப்பி நடத்தினேன். பாதி தூரத்தில் அவன் கண்ணைச் செருகிக்கொண்டு சாய்ந்தான். என் கால் பின்னால் போனது, மற்றது மடங்கியது, அவன் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனான். தலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவன் கீழேயிருந்து ஒரு கண்ணைத் திறந்து, "சூப்பர்" என்று உதட்டை அசைத்தான். அவனை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

"பாஸ்," என்றார் பிரேக் மேடம். "பரவாயில்லையே. எப்படி வந்துச்சு?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். குளியலறை, திண்டு, சட்டை, இரண்டு நாற்காலி, எல்லாம்.

அவர் முகம் மாறியது. அக்கறையாகத்தான் கேட்டார். "தலைல அடி இல்லையே? டாக்டர்கிட்ட காட்டினியா? தானாவே எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சார்."

"பாத்தியா? அஞ்சு வருஷமா நீ தூக்கினதால அவரால முடியும்னே யாருக்கும் தெரியல." நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது நல்ல செய்திதான். "அந்த வாசலுக்கு ஒரு கைப்பிடி அடிக்கச் சொல்லு. திண்டை உடைச்சிடுங்க."

"வாடகை வீடு மேடம். வீட்டுக்காரர் விட மாட்டார்."

"கேட்டுப் பாரு."

"அவர் எங்கிட்ட பேச மாட்டேங்கறார்."

"வீட்டுக்காரரா?"

"எங்கப்பா."

மேடம் ஒரு கணம் பேனாவை உருட்டினார். அவருடைய தாளில் அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. "சரியாயிடும்," என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பாஸாகிவிட்டேன். வார்டுக்குப் போகலாம். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே முயற்சி செய்தேன். வந்ததெல்லாம் கோபம். மேடம் சொல்வது சரி, கோபம். ஒட்டகம் சொன்னது சரி, கோபம். அம்மா கேட்ட கேள்வி தப்பில்லை. அதற்குத்தான் ஜாஸ்திக் கோபம். எல்லாரும் சரியாக இருந்து ஒருவர் மட்டும் தரையில் கிடந்தால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

வீட்டுக்கு வந்தபோது அப்பா சக்கர நாற்காலியில், குளியலறைத் திண்டுக்கு முன்னால் காத்திருந்தார். அம்மா அடுப்படியில், முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

"பாஸ்," என்றேன்.

"தெரியும். மூஞ்சில எழுதியிருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நேற்றுக் காலைக்குப் பிறகு முதல் தடவை. "வா," என்றார். இடது கையைத் தூக்கினார். என் கழுத்து எங்கே இருக்க வேண்டுமோ அந்த உயரத்துக்கு.

அவர் மன்னித்துவிட்டாரா, இல்லை, பரீட்சைதான் முடிந்துவிட்டதே, பழையபடி ஆடலாம் என்று நினைத்தாரா எனக்குத் தெரியாது. அந்தக் கை அப்படியே காற்றில் நின்றது. உள்ளே போய் நின்றால் போதும். ஒரு எக்கு. எல்லாம் பழையபடி ஆகிவிடும். என் கைகள் அரித்தன.

ஸ்டீல் நாற்காலி ஒன்றைத் தூக்கிப் போய் திண்டுக்கு உள்பக்கம், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், சுவரோடு ஒட்டிப் போட்டேன். சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டேன். அவருடைய கையை எடுத்து அந்த ஸ்டீல் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன்.

"எந்திரிப்பா. நான் பிடிக்க மாட்டேன். பக்கத்துலயே நிக்கறேன்."

அவர் முகம் இறுகியது. என்னைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து, "வா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "வா. வா."

அம்மா கத்தியை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"அவதான் பாஸாயிட்டாளாமே," என்றாள். "அவளையே கேளுங்க."

அப்பா உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். அவருக்கு அவசரம் என்பது எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வெங்காயம் நறுக்குகிற சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.

அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். தெளிவாக, என்னைப் பார்த்து.

பிறகு இடது காலைப் பின்னால் இழுத்து வைத்து, கைப்பிடியை அழுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு காலைப் பின்னால் வைத்து, மற்றதை லேசாக மடக்கி. என் கைகள் போய்விடாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.